ஒற்றனுக்கு எந்த வேடம் கொடுப்பது: போர்க்கால உளவு நகைச்சுவைத் திரைக்கதை எழுதும் முறை

1940 செப்டம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் இரகசியமாக வந்து இறங்கிய ஜெர்மானிய ஒற்றர்களில் ஒருவர், லிட் என்னும் சிற்றூரின் மதுக்கடைக்குக் காலை வேளையில் போய், ஆப்பிளில் வடிக்கும் சைடர் வேண்டும் என்று கேட்டார். அந்த நேரத்தில் மது விற்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராது என்பது அங்கே வளர்ந்த எவருக்கும் தெரிந்த செய்தி. கடையில் இருந்த பெண்மணிக்கு ஐயம் எழுந்தது. ஒற்றர் விரைவிலேயே பிடிபட்டார். உடையும் பேச்சும் காப்பாற்றிய ஆளைக் கடை திறக்கும் நேரம் காட்டிக்கொடுத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதன் முன்பாதியைக் கேட்கும்போது வரும் சிரிப்பு, பின்பாதியைக் கேட்டதும் தொண்டையில் நின்றுவிடுகிறது. போர்க்கால உளவு நகைச்சுவை எழுத உட்காருபவர் இந்த இரண்டு பாதிகளையும் ஒரே காட்சிக்குள் வைத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாறுவேடம் என்றதும் ஒட்டுமீசையும் தொப்பியும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்த வேடத்துக்குரிய மனிதர் யோசிக்காமலேயே அறிந்திருக்கும் சிறு செய்திகள் யாவை, அவற்றில் நம் நாயகனுக்குத் தெரியாதவை எவை என்று எழுதிப் பார்த்தால்தான் கதை நகரத் தொடங்கும்.

வேடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான முதல் வரைவுகளில் நாயகன் எதிரியின் சீருடையை அணிந்துகொண்டு முகாமுக்குள் நுழைகிறான். இதைத் தவிர்க்கும்படி நான் சொல்வேன். சீருடை போட்டவன் சல்யூட் அடிக்கவும், கட்டளை கேட்டு நிற்கவும், தவறான கதவைத் திறக்கவும் மட்டுமே முடியும். நான்கு காட்சிகளில் அந்த வேடம் தீர்ந்துபோகும். அதைவிட ஒரு தொழிலை வேடமாகக் கொடுப்பது நல்லது. அந்தத் தொழில் நாயகனுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். எதிரியின் கண்முன்னே செய்து காட்ட வேண்டியதாக இருக்க வேண்டும். ஒருமுறை செய்து முடித்துவிட்டு ஓடிவிட முடியாதபடி மீண்டும் மீண்டும் அங்கே வரவைப்பதாகவும் இருக்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கதையை இங்கேயே கட்டிக்கொள்வோம். 1943ஆம் ஆண்டு, ஜெர்மானியர் வசமிருக்கும் பிரான்ஸ். ஒரு பழைய மாளிகையை ஜெர்மானியத் தளபதி ஒருவர் தம் தலைமையகமாக்கியிருக்கிறார். அங்கே நடமாடும் அதிகாரிகளின் பேச்சைக் கேட்டு வர லண்டனிலிருந்து அனுப்பப்படுபவன் ஒரு லாரி மெக்கானிக். தாய் பிரெஞ்சுக்காரி என்பதால் அந்த மொழி அவனுக்குத் தாய்மொழி போலவே வரும். அவனுக்குத் தரப்பட்ட வேடம், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஒரு பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 கம்பிகளும் உண்டு. மெக்கானிக்குக்குக் கம்பியை முறுக்கத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

அவன் கையில் பியானோ வாரத்துக்கு வாரம் கெடுகிறது. தளபதியோ தமக்கு மிக நுட்பமான இசைச் செவி இருப்பதாகத் தம் அதிகாரிகளிடம் பெருமை பேசி வருபவர். உண்மையில் அவருக்குச் சுருதி பேதம் தெரியாது. முதல் நாள் அவர் ‘அருமை’ என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் கீழ் இருக்கும் எவருக்கும் அதை மறுக்கத் துணிவில்லை. ஆக, நாயகனின் வேடத்தைக் கட்டிக் காப்பது அவனுடைய திறமையன்று, எதிரியின் பெருமிதமே. வேடத்தின் ஓட்டையை எதிரியே தன் தேவைக்காக அடைத்துக்கொடுக்கும் இந்த அமைப்புக் கிடைத்துவிட்டால் பாதிக் கதை எழுதி முடித்ததற்குச் சமம். எதிரியை முட்டாளாக்கிவிட்டால் ஆபத்து போய்விடும். ஆபத்து போன இடத்தில் சிரிப்பும் நீடிப்பதில்லை. அவர் மற்றெல்லாவற்றிலும் கூர்மையானவராகவும், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்பவராகவும் இருக்கட்டும்.

பிடிபட்டால் என்ன ஆகும்

முதல் பத்து நிமிடங்களுக்குள் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது பார்வையாளருக்கு ஐயமின்றித் தெரிந்துவிட வேண்டும். இதற்கு ஒரு சட்ட அடிப்படையும் உண்டு. அது கதாசிரியருக்குப் பெரிய கொடை. 1907ஆம் ஆண்டின் ஹேக் போர் விதிமுறைகளின் 29ஆம் பிரிவு, மறைவாகவோ பொய்யான தோற்றத்திலோ எதிரியின் பகுதியில் தகவல் திரட்டுபவரையே ஒற்றர் என்கிறது. மாறுவேடமின்றி எதிரியின் பகுதிக்குள் ஊடுருவும் படைவீரர் ஒற்றர் ஆகமாட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஒற்றரைக்கூட விசாரணையின்றித் தண்டிக்கக் கூடாது என்பது 30ஆம் பிரிவு. தன் படையோடு மீண்டும் போய்ச் சேர்ந்துவிட்ட ஒற்றர் பிறகு எதிரியிடம் சிக்கினால், அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும், பழைய உளவுக்காகத் தண்டிக்க முடியாது என்பது 31ஆம் பிரிவு.

இந்த மூன்றாவது விதியை வைத்தே ஒரு முழு உச்சக்கட்டத்தை எழுதலாம். தளபதியின் மேசையில் உணவருந்திய அதே ஆள் சில மாதங்கள் கழித்துச் சீருடையில் போர்க்கைதியாக அவர் முன்னே நிற்கிறான். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கின்றனர். சட்டப்படி அவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஆயினும் சட்டம் எழுத்தில் இருந்ததையும் களத்தில் நடந்ததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1942 அக்டோபரில் ஹிட்லர் பிறப்பித்த கமாண்டோ ஆணை, சீருடையில் பிடிபடும் நேசநாட்டு கமாண்டோக்களைக்கூடக் கொல்லச் சொன்னது. ஒற்றர்களுக்கு இடம் கொடுத்த பொதுமக்கள் எந்த விதியின் நிழலிலும் நிற்க முடியவில்லை. எனவே நாயகனை விட அவனுக்குச் சோறு போடும் குடும்பத்துக்கே ஆபத்து அதிகம் என்பதைக் கதை மறக்கக் கூடாது. அந்த வீட்டுப் பெண்மணி ஒவ்வொரு முறையும் இரண்டாவது தட்டை மட்டும் உடனே கழுவி அலமாரியில் வைத்துவிடுகிறார் என்று ஒரே ஒரு செயலைக் காட்டினால் போதும். ஒரு சொல்கூடப் பேசாமல் முழு அச்சமும் வந்துவிடும்.

சிறு விவரங்களைத் திரட்டி விதைத்தல்

பிரித்தானியா 1940 ஜூலையில் அமைத்த எஸ்.ஓ.இ. என்னும் இரகசிய அமைப்பு, பிரான்சுக்கு அனுப்பும் ஆட்களின் உடையைப் பிரெஞ்சுத் தையல் முறையிலேயே தைத்தது. காலரின் வடிவம், பொத்தான் தைத்த விதம் வரை பார்த்தது. பல்லில் இங்கிலாந்து மருத்துவர் வைத்த அடைப்பைக்கூட மாற்றியது. இவ்வளவு செய்தும் ஆபத்து பழக்கங்களில் ஒளிந்திருந்தது. பால் தட்டுப்பாடான நாட்டில் காபி கேட்டால் பாலில்லாமல்தான் வரும். ‘பால் இல்லாத காபி’ என்று சொல்லிக் கேட்பவர் வெளியாள். சாலையைக் கடக்கும்போது முதலில் எந்தப் பக்கம் தலை திரும்புகிறது என்பதும் அப்படித்தான். ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரான்சின் விஷி ஆட்சியில் பெண்களுக்குப் புகையிலைப் பங்கீடு கிடையாது என்பதால், தெருவில் நின்று சிகரெட் பற்றவைக்கும் பெண் உடனே கண்ணில் படுவாள்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். 1940 செப்டம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் போர்ட்கார்டன் ரயில் நிலையத்துக்கு வந்த ஓர் ஆணும் பெண்ணும், இது எந்த ஊர் என்று விசாரித்தனர். கால்களில் ஈரம் காயவில்லை. நிலையத்தாரின் ஐயத்தால் காவலர் வந்து சோதித்தபோது அந்த ஆணின் பையில் ஜெர்மன் சாசேஜ் இருந்தது. படையெடுப்புக்கு அஞ்சி ஊர்ப் பெயர்ப் பலகைகளை அகற்றியிருந்த காலம் அது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், ஆனால் கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். இதைவிடச் சுத்தமான நகைச்சுவை முடிச்சை நாம் உட்கார்ந்து யோசித்தும் கண்டுபிடிக்க முடியாது.

இத்தகைய விவரங்கள் நூறு கிடைக்கும். நூறையும் படத்தில் திணித்தால் அது பொது அறிவு வகுப்பாகிவிடும். மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இருமுறை காட்டுங்கள். முதல் முறை அது சாதாரணமாகக் கடந்து போக வேண்டும். இரண்டாம் முறை உயிருக்கு உலை வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது அரைமணி நேரமாவது கழிந்திருந்தால், பார்வையாளர் தாமே நினைவுகூர்ந்து பதறுவார். அந்தப் பதற்றம் அவர் தாமாகவே தேடிக்கொண்டது என்பதால் சிரிப்பும் பலமாக வரும்.

நம் கதையில் அப்படியொரு விவரம் இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் உலோகக் கவை. பிரான்சில் 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘லா’ என்னும் அடிப்படைச் சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகள். 1939 மே மாதம் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை 440 என்று பரிந்துரைத்தது. பழைய வழக்கத்தை விடாத பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவரின் கவை 435இல் ஒலிக்கும். அவசரமாக லண்டனில் வாங்கி மெக்கானிக்கின் பையில் போட்ட கவை 440இல் ஒலிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டினால் ஒலி நொடிக்கு ஐந்து முறை ஏறி இறங்கும் விம்மல்கள் எழும். இசை அறியாத பார்வையாளரின் காதுக்கும் அந்த அலைப்பு தெளிவாகக் கேட்கும். கண்ணால் காட்ட முடியாத ஒரு துரோகத்தை ஒலியால் காட்ட இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும்போது எழுத்தாளர் அதை நழுவவிடக் கூடாது.

யாருக்கு எது தெரியும்

மாறுவேடக் கதை எழுதும்போது நான் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுக்கொள்வேன். மேலே காட்சிகளின் வரிசை, இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இவருக்கு இப்போது உண்மை தெரியுமா, தெரிந்தும் தெரியாதது போல் நடிக்கிறாரா, தவறான ஒன்றை உண்மை என்று நம்புகிறாரா’ என்று எழுதுவேன். பார்வையாளருக்கும் தனி வரிசை உண்டு; அந்த வரிசை மற்ற எல்லாவற்றையும்விட ஒரு படி முன்னே இருக்க வேண்டும். முழுக்கதையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பார்வையாளரும் ஏமாறலாம். இரண்டாம் முறை ஏமாற்றினால் அவர் கதாசிரியரை நம்புவதை நிறுத்திவிடுவார்.

கட்டம் நிரம்பியதும், எல்லாரும் ஒரே நிலையில் இருக்கும் காட்சிகள் தனியாகத் தெரியும். அவற்றை வெட்டுங்கள். ஒரே அறையில் மூன்று பேர் மூன்று வெவ்வேறு நம்பிக்கைகளோடு ஒரே வாக்கியத்தைக் கேட்கும் காட்சிகளை வளருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாயகனைச் சோதிப்பவர் எப்போதும் சரியான விடையை அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப் போரின்போது ஜெர்மானியப் படை அதிகாரி ஸ்கோர்செனியின் ஆட்கள் அமெரிக்கச் சீருடையில் ஊடுருவியதால், அமெரிக்கக் காவலர்கள் தம் ஆட்களையே நிறுத்திக் கேள்வி கேட்டனர். அமெரிக்கத் தளபதி ஒமர் பிராட்லியிடம் இல்லினாய் மாநிலத்தின் தலைநகர் எது என்று கேட்டபோது அவர் ஸ்பிரிங்ஃபீல்டு என்று சரியாகவே சொன்னார். கேட்டவரோ சிகாகோ என்று நினைத்துக்கொண்டிருந்தார். சரியான விடை சொன்னவர் சந்தேகத்துக்கு ஆளானார். அதே நாட்களில் அமெரிக்கச் சீருடையில் பிடிபட்ட ஜெர்மானியர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தக் கேள்வியின் எடை புரியும்.

இதை நம் கதைக்குள் கொண்டுவருவோம். பாரிசிலிருந்து உண்மையான சுருதி வல்லுநரான முதியவர் ஒருவர் மாளிகைக்கு அழைக்கப்படுகிறார். அவர் ஒரு நாள் முழுவதும் உழைத்துப் பியானோவைச் சரியாக்குகிறார். பல வாரங்களாகக் கெட்ட சுருதிக்குப் பழகிவிட்ட தளபதியின் காதுக்கு இப்போது அதுவே பிழையாகக் கேட்கிறது. இவன் ஒற்றன் என்று கத்துகிறார். உண்மையானவர் கைதாகிறார், போலி மதிக்கப்படுகிறான். அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதியவரைச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். இப்போது மெக்கானிக் தன் வேடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்த மனிதரைக் காப்பாற்றலாம். இடைவேளையை இங்கே வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாம் பாதியில் முதியவர் பிழைத்து வந்து, மெக்கானிக்கின் கவையைத் தன் கவையோடு சேர்த்துத் தட்டிப் பார்க்கட்டும். ஐந்து விம்மல்கள். அவர் அவனைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் தன் கவையை அவன் பையில் போட்டுவிட்டு அவனுடையதைத் தன் பையில் வைத்துக்கொள்கிறார். அதுமுதல் அவரே அவனுக்கு ஆசான்.

ஆள் மாறாட்டத்துக்குத் தயாராகுதல்

நாயகன் வேடத்தைப் பழகும் பகுதியை எழுதுவோர் பெரும்பாலும் இசையோடு வேகமாக ஓடும் காட்சித் துணுக்குகளால் கடந்துவிடுகின்றனர். நான் அங்கே நின்று நிதானமாக எழுதச் சொல்வேன். 1944 மே மாதத்தில் பிரித்தானியத் தளபதி மான்ட்கோமரியைப் போல் வேடமிட்டு ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்சுக்கும் போன கிளிஃப்டன் ஜேம்ஸ், சம்பளப் பட்டுவாடாப் படைப்பிரிவில் பணியாற்றிய நடிகர். முகச்சாயல் அப்படியே இருந்தது. ஆனால் முதல் உலகப் போரில் அவர் ஒரு விரலை இழந்திருந்ததால் பொய்விரல் பொருத்த வேண்டியிருந்தது. மான்ட்கோமரி குடிக்கவோ புகைக்கவோ மாட்டார். ஜேம்சுக்கு இரண்டு பழக்கமும் இருந்தன. கையுறைக்குள் ஒரு விரல், சட்டைப் பையில் இல்லாத ஒரு சிகரெட் என்று இரண்டே பொருள்களில் ஒரு முழுப் பயிற்சிக் காட்சி அடங்கியிருக்கிறது.

ஆளே இல்லாத வேடமும் உண்டு. பிரித்தானியாவின் இரட்டை ஒற்றராகிக் கார்போ என்ற மறைபெயர் பெற்ற ஹுவான் புஜோல், இங்கிலாந்தில் கால் வைக்கும் முன்பே லிஸ்பனில் இருந்தபடி, தான் இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியருக்கு அறிக்கை அனுப்பினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்யும் ஆட்கள் இருப்பதாக எழுதினார். அவ்வூர்க் குடிப்பழக்கம் அறிந்த எவரும் அப்படி எழுதமாட்டார், ஆனால் படித்த ஜெர்மானியர் நம்பினர். பின்னாளில் அவரது கற்பனைத் துணை ஒற்றர்களின் எண்ணிக்கை 27 ஆயிற்று. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு வெளியிட்டதும், இல்லாத அவருடைய இல்லாத மனைவிக்கு ஜெர்மானியர் உதவித்தொகை கொடுத்தனர். இரு தரப்பும் அவருக்கு விருது அளித்தன. இத்தகைய கற்பனை ஆள் ஒருவரைக் கதையில் சேர்த்தால், அவரை யாரேனும் நேரில் பார்க்க விரும்பும் நாள் வந்தே தீர வேண்டும்.

மொழியும் படமாக்கமும்

திரையில் எல்லாரும் தமிழே பேசும்போது, இப்போது பேசுவது பிரெஞ்சா, ஜெர்மனா, ஆங்கிலமா என்பதைப் பார்வையாளர் எப்படி அறிவார்? இந்த உடன்படிக்கையை முதல் ஐந்து நிமிடங்களில் செய்துகொள்ளுங்கள். ஜெர்மானியர் தமக்குள் பேசுவது செந்தமிழ், ஊரார் பேசுவது பேச்சுத் தமிழ், லண்டன் அலுவலகம் பேசுவது கோப்புகளில் வரும் தமிழ் என்று மூன்று நடைகளைப் பிரித்துக்கொண்டால் போதும். மெக்கானிக் தளபதியிடம் பேசும்போது பாதி வாக்கியத்தில் நடை வழுக்கினால், அதுவே அவன் வேடத்தில் விழுந்த கீறல். கொச்சை உச்சரிப்பை வைத்து அயல்நாட்டாரைக் கேலி செய்வது மலிவானது. அது மூன்றாவது காட்சியிலேயே சலித்துவிடும்.

வேடமிட்டவரின் முழு உடலும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். முகத்தில் பயம் தெரியாதபோது கால் காட்டிக்கொடுப்பதைக் காண வைட் ஷாட் தேவை. சோதனைக் காட்சிகளை முடிந்தவரை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்கச் சொல்லித் திரைக்கதையிலேயே குறித்துவிடுங்கள். உடை புதிதாக இருக்கக் கூடாது. எஸ்.ஓ.இ.யின் உருமறைப்புப் பிரிவை நடத்தியவர் போருக்கு முன் திரைப்படக் கலை இயக்குநராக இருந்தவர் என்பதும், அங்கே புதுப் பெட்டிகளையும் உடைகளையும் பழையவையாக்கும் வேலை நடந்தது என்பதும் நம் தொழிலில் இருப்போர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. ஆண் பெண் வேடமிடும் காட்சி வந்தால், பெண்ணுடையைப் பார்த்து வரும் சிரிப்போடு நிறுத்திவிடாதீர்கள். அந்த உடையில் நடந்த பிறகே சோதனைச் சாவடியில் ஒரு பெண் என்னென்ன தாங்குகிறாள் என்று அவன் அறியும்படி எழுதுங்கள்.

சிரிப்பு அதிகாரத்தின் பெருமிதத்தை நோக்கியே பாய வேண்டும். பட்டினி, நாடுகடத்தல், வதைமுகாம் ஆகியவற்றை நகைச்சுவைக் காட்சியின் பின்னணியாக்க வேண்டாம். அவை கதைக்குள் வந்தால் படம் அங்கே அமைதியாகிவிட வேண்டும். அந்த அமைதிக்குப் பிறகு மீண்டும் சிரிப்புக்குத் திரும்ப ஒரு முழுக் காட்சியாவது இடைவெளி விடுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மீசை, தொப்பி, கோட்டு, ஒப்பனை பற்றிய எல்லா வரிகளையும் ஒரு பிரதியில் அடித்துவிட்டு, மீதியை நண்பர்கள் நால்வரை வைத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். உடையே இல்லாத அந்தப் பிரதியிலும் சோதனைக் காட்சியில் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு சிரித்தால், அந்தக் காட்சியை அப்படியே விடுங்கள். யாரும் சிரிக்காத காட்சிகளின் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளை மறுபடி எடுத்து, அந்த இடத்தில் யாருக்கு எது தெரியும் என்பதிலிருந்து திரும்ப எழுதுங்கள்.